இரவல் பெயரில் ஒரு சாவு

இராஜேந்திரன் இறந்துபோனான் என்று வந்த பதிவுத் தபாலை இராஜேந்திரனே கையெழுத்துப் போட்டு வாங்கினான்.

1987ஆம் ஆண்டு, ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை. அந்த வாரம் லண்டனில் கொட்டிய பனியில் மனோர் பார்க்கில் பஸ்கூட ஒழுங்காக ஓடவில்லை. பால்காரன் வரவில்லை, குப்பை எடுக்கிறவன் வரவில்லை. இந்தத் தபால்காரர் மட்டும் பனியை உழக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். அவருக்கும் அன்றைக்கு ஒரு தடிமன் காய்ச்சல் வந்து வீட்டில் படுத்திருக்கக் கூடாதா?

கடிதம் அவனுடைய அக்கா சிவமலருக்கு. அவள் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. சனிக்கிழமைகளில்தான் ஆற அமர இருந்து சமைப்பாள். ஆங்கிலக் கடிதமென்றால் தம்பி வாசித்துச் சொல்லவேண்டும் என்பது அந்த வீட்டு ஒழுங்கு. அவன் உறையைக் கிழித்து நின்ற நிலையிலேயே வாசித்தான். குவைத்தில் வீதி போடுகிற ஒரு கம்பனி அனுப்பியிருந்தது.

"என்னவாம்?"

"அக்கா, இதில..." அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்துப் பிற்காலத்தில் அவன் வெட்கப்படாத நாளில்லை. "உங்கட தம்பி க. இராஜேந்திரன் செத்துப்போனாராம். நான் செத்துப்போனனாம்!"

சொல்லி வாய் மூடுமுன் அவனுக்கு விளங்கிவிட்டது. அவளுக்கு அதற்கும் முன்பே விளங்கிவிட்டது. கையில் பிடித்த கத்தியோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

குவைத்தில் இராஜேந்திரன் என்ற பெயரில் இருந்தவர் அவளுடைய கணவர்.

அது எப்படி என்று கேட்பவர்கள் 1983இன் கடைசி மாதங்களில் யாழ்ப்பாணத்தில் இருந்திருக்கமாட்டார்கள். ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, கால் உள்ளவர்கள் எல்லோரும் எங்கேயாவது போய்விடப் பார்த்த காலம். இராஜேந்திரனுக்குக் குவைத்தில் வேலை சரிவந்து, பாஸ்போட்டில் விசாவும் குத்தியாயிற்று. அந்த நேரம் பார்த்து, லண்டனுக்கு அனுப்புகிறேன் என்று ஒரு ஏஜென்ட் வந்து நின்றான். லண்டனா குவைத்தா என்று கேட்டால் எந்தப் பொடியன் குவைத் என்பான்? ஏஜென்ட் கொடுத்த வேறு யாருடையதோ பாஸ்போட்டில் அவன் லண்டனுக்குப் பறந்தான். மிஞ்சிக் கிடந்தது, விசா குத்திய அவனுடைய சொந்தப் பாஸ்போட். மிஞ்சிய சோற்றையே தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் சாப்பிடுகிற குடும்பம். மிஞ்சிய விசாவை வீணாக்குமா? கொழும்பில் ஒரு ஸ்டூடியோக்காரன் படத்தை மாற்றி ஒட்டிக் கொடுத்தான். அக்காள் கணவர் செல்வரத்தினம், முப்பத்தெட்டு வயதான பஸ் டிரைவர், ஒரே பின்னேரத்தில் இருபத்தேழு வயது இராஜேந்திரன் ஆனார். அதில் பிழையிருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் போனார்கள்.

நெருங்கிய உறவு யார் என்று கம்பனி கேட்டபோது மனைவி என்று எழுத அவருக்கு வழியில்லை. இராஜேந்திரன் கலியாணம் கட்டாதவன் ஆயிற்றே. ஆகவே, சிவமலர், அக்கா என்று எழுதிக் கொடுத்தார். ஊருக்குத் திரும்பிய ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய முதல் கடிதத்திலேயே அவளுக்குப் பகிடியும் விட்டார்: 'இப்போது எனக்கு உம்மைவிட ஆறு வயது குறைவு. இனிமேல் உம்மை அக்கா என்றுதான் கூப்பிடவேண்டும் போலிருக்கிறது.' அவள் அதை வாசித்துத் தனியே இருந்து சிரித்தாள்.

போன வருடம் ஊர் வீட்டுக்குள் ஷெல் விழுந்தபின் தம்பி எப்படியோ அவளையும் லண்டனுக்கு எடுப்பித்துவிட்டான். குவைத் ஒப்பந்தம் ஏப்ரலில் முடிய அவரும் வருவதாக இருந்தது. ஈஸ்ட் ஹாமில் அவருக்கென்று ஒரு மண்ணிறக் கம்பளிக் கோட் வாங்கி, அறைக் கதவுக்குப் பின்னால் கொழுவி வைத்திருந்தாள். அவருக்குக் குளிர் ஒத்துவராது.

கடிதத்தில் நடந்ததை நாலு வரியில் முடித்திருந்தார்கள். எல்லைக்கு அப்பால் ஈரானும் ஈராக்கும் செய்யும் போரில் ஏவப்பட்ட ஏவுகணை ஒன்று திசை தவறி, எல்லையைத் தாண்டி, கம்பனியின் வடக்கு முகாமருகே விழுந்தது. ஒரு தொழிலாளி இறந்தார். கம்பனி ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்துக்கொள்கிறது.

அந்த இரண்டு நாடுகளும் ஏழாவது வருடமாக அடிபட்டுக்கொண்டிருந்தன. அவர்களுக்குள் என்ன கோபம் என்று செல்வரத்தினத்துக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. தன் ஊர்ச் சண்டைக்குத் தப்பி ஓடிவந்த மனிதரை, தனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றிருந்த அடுத்த வீட்டுச் சண்டை தேடிவந்து கொன்றுவிட்டது. தேடிவந்தது என்று சொல்வதும் பிழை. அது யாரையும் தேடவில்லை. அவர் என்று இல்லாமல் ஓர் எருமை நின்றிருந்தாலும் அதன்மேல்தான் விழுந்திருக்கும்.

கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. உடலை அங்கேயே அடக்கம் செய்வதா, வேறிடத்துக்கு அனுப்புவதா என்று பதினாலு நாளுக்குள் எழுத வேண்டும். இறந்தவர் பெயர்: க. இராஜேந்திரன். கையெழுத்திடுபவர் உறவு: சகோதரி. எல்லாம் தட்டச்சில் அடித்து வந்திருந்தது. அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

அன்று முழுக்க அவள் அழுதாள். அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள். யார் செத்தது என்று கேட்டால் என்ன சொல்வது?

பின்னேரம் இராஜேந்திரன் பக்கத்தில் வந்து குந்தினான். அவன் கண்ணும் சிவந்திருந்தது. அத்தான் என்றால் அவனுக்கு உயிர். முதன்முதலில் பஸ் ஸ்டியரிங்கைப் பிடிக்க விட்டவர் அவர்தான்.

"அக்கா, அங்கையே அடக்கம் செய்யச் சொல்லி எழுதுவம். இஞ்சை நாங்கள் வீட்டில கிரியையைச் செய்வம். ஐயர் சரியான பேரைச் சொல்லித்தானே செய்வார்? கடவுளுக்குத் தெரியும்தானே."

"புதைக்கிறதோ? எங்கட ஆக்களை எரிக்கிறதெல்லோ."

"அதுக்கு அங்கை வசதியில்லை அக்கா."

"சரி, புதைச்சால் மேல ஒரு கல்லு வைப்பாங்கள். அதில ஆற்ர பேர் இருக்கும்?"

அவன் படிவத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"உன்ர பேர் இருக்கும். நீ இஞ்சை பாண் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய், உன்ர பேரை எழுதின கல்லுக்குக் கீழ அவர் கிடப்பார். அவர் செத்ததுக்கு உலகத்தில ஒரு துண்டுக் கடுதாசி இராது. ஏலாது தம்பி. அவரை இஞ்சை எடுக்கவேணும். அவற்ர பேரிலதான் எரிக்கவேணும்."

"அப்ப நான் உயிரோட இருக்கிறன் எண்டு சொல்லவேணும். பாஸ்போட்டைக் குடுத்தனான் எண்டும் சொல்லவேணும்." அவன் குரல் தாழ்ந்தது. "எனக்குச் சொந்தப் பாஸ்போட்டே ஒருநாளும் இருந்ததில்லை எண்டெல்லோ ஹோம் ஒபிஸில அகதி விண்ணப்பத்தில எழுதிக் குடுத்திருக்கிறன். மார்ச்சில இன்டர்வியூ. பொய் சொன்னவன் எண்டு பிளேனில ஏத்திவிட்டால்?"

அவன் பயந்தது சும்மா அல்ல. தமிழரைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள் என்ற கதைதான் அந்த நாட்களில் கடைகளில், கோயிலில், பஸ்ஸில் எல்லாம். கொழும்பில் இறக்கிவிட்டால் அங்கே பொடியன்களுக்கு என்ன நடக்கும் என்று சிவமலருக்கும் தெரியும். அவள் அவனைத் தூக்கி வளர்த்தவள். அவனைப் பலி கொடுக்க அவளுக்கு மனமில்லை. ஆனாலும் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. மடித்து அரிசி வாளிக்கு மேல் வைத்துவிட்டாள்.

ஞாயிறு மத்தியானம் முகாமிலிருந்து தொலைபேசி வந்தது. அவரோடு ஒரே அறையில் இருந்த மன்னார்க்காரர், செபமாலைமுத்து. சுக துக்கத்தில் அவருக்குத் துணையாயிருந்த மனிதர் என்று கடிதங்களில் இருந்து அவளுக்குத் தெரியும்.

"அக்கா, விடியப்புறம் குளிரெண்டு வீதி போடுற மிசினைச் சூடாக்கப் போனவர். நாங்கள் சத்தம் கேட்டு ஓடினம். ஒரு சொட்டும் கஷ்டப்படயில்லை அக்கா, அது மட்டும் சத்தியம்." அவர் அழுது ஓயும்வரை அவள் காதில் பிடித்துக்கொண்டிருந்தாள். "இன்னொண்டு கேக்கவேணும். ராஜன் எண்டுதான் நாங்கள் கூப்பிடுறது. அது அவற்ர பேரில்லை எண்டு மட்டும் தெரியும், மிச்சம் நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. நேற்று ராஜேந்திரன் எண்டுதான் செபம் சொன்னனாங்கள். எனக்கு மனம் கேக்குதில்லை. அவற்ர உண்மைப் பேர் என்ன அக்கா?"

சிவமலர் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

வெட்கம் என்று நினைக்கக் கூடாது, பழக்கம். கலியாணம் கட்டிய பதின்மூன்று வருடத்தில் ஒருநாளும் அவள் கணவனின் பெயரைச் சொன்னதில்லை. முன்னால் என்றால் இஞ்சேருங்கோ, பின்னால் என்றால் இவர், அவர். அவளுடைய தாயும் சொன்னதில்லை, மாமியாரும் சொன்னதில்லை. கணவன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று சொல்லியே வளர்த்தார்கள். ஹோம் ஒபிஸில் விசாரித்தபோதுகூட மொழிபெயர்ப்பாளர் கலியாணப் பத்திரத்தைப் பார்த்துப் பெயரை வாசித்தார். அவள் தலையை ஆட்டினாள். இனி அவருக்குக் குறைய ஆயுள் இல்லை என்று தெரிந்தும் நாக்கு எழும்பவில்லை. தொலைபேசியைத் தம்பியிடம் நீட்டினாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பிறகு எழுதுறம் அண்ணை," என்று வைத்துவிட்டான். லைனில் யாரும் ஒட்டுக்கேட்பார்கள் என்ற பயம். ஆக, செபம் சொல்லக் கேட்ட மனிதருக்கும் பெயர் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் சேலைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சொலிசிட்டரிடம் போனாள். வேதவல்லி திருச்சிக்காரி, கறார்ப் பேர்வழி, ஆனால் கேட்கிற காது உள்ளவள். சிவமலர் ஒரு பிஸ்கட் டின் நிறைய அவருடைய கடிதங்களைக் கொண்டுபோயிருந்தாள். கலியாணப் பத்திரம், கலியாணப் படம் எல்லாம் அதற்குள் இருந்தன.

வேதவல்லி ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். நாற்பத்தொரு கடிதம்.

"ஏம்மா, உறை எல்லாத்துலயும் அனுப்புநர் இராஜேந்திரன்னு இருக்கு. உள்ளே கையெழுத்து எங்கே?"

"அடியில இருக்குது."

"அடியில 'இப்படிக்கு, நான்'னு இருக்கு."

"ஓம். முகாமில கடிதத்தை உடைச்சுப் பாப்பாங்களாம். அதால பேர் போடுறதில்லை."

"சரி, நீங்க எழுதின பதில்லயாவது பேர் சொல்லி எழுதியிருப்பீங்களா? அவர் பெட்டியில இருந்தா எடுத்து அனுப்பச் சொல்லலாம்."

சிவமலர் நிலத்தைப் பார்த்தாள். அவள் எழுதியது எல்லாம் 'அன்புள்ள உங்களுக்கு' என்றுதான் தொடங்கும். உறைக்கு மேலே தம்பியின் பெயர்.

வேதவல்லி பேனாவை மேசையில் வைத்தாள். மூன்று வருடம், நாற்பத்தொரு கடிதம், அதற்கு நாற்பத்தொரு பதில். ஒன்றிலாவது செல்வரத்தினம் என்ற எழுத்து இல்லை. அவர் பயத்தில் எழுதவில்லை, அவள் மரியாதையில் எழுதவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த மனிதரை ஒரு தடயமும் இல்லாமல் துடைத்துவிட்டிருந்தார்கள்.

"நேராவே சொல்றேன். கலியாணப் பத்திரம் இருக்கு, உங்களுக்குக் கலியாணம் ஆனது உண்மைதான். ஆனா அங்க செத்தவர் அவர்தான்னு இதுல ஒண்ணும் காட்டலை. கம்பனி பேரை மாத்தணும்னா ஒரே வழிதான். உயிரோட இருக்கிற இராஜேந்திரன் வந்து, நான்தான் அவன், என் பாஸ்போர்ட்டை நான்தான் கொடுத்தேன்னு சத்தியக் கடுதாசி கொடுக்கணும். இன்னொண்ணு. வெளிநாட்டுல இறந்தவங்களை இங்க எரிக்க ஹோம் ஆபீஸ் அனுமதி வேணும். அதனால அவர் கொடுக்கிற சத்தியம் நேரா அவங்க கைக்குத்தான் போகும். உங்க தம்பி கேஸுக்கு என்ன ஆகும்னு என்னால உத்தரவாதம் தர முடியாது."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தம்பியிடம் சொன்னாள். அவன் நெடுநேரம் யோசித்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தான்.

"என்ர பாஸ்போட் கொழும்பில களவு போனதெண்டு சொல்லுவம். ஆர் எடுத்ததெண்டு எனக்குத் தெரியாது. அத்தான் எடுத்திருக்கிறார் எண்டு இப்பத்தான் தெரியவந்தது. அப்பிடிச் சொன்னால் பேரும் மாறும், எனக்கும் பிரச்சினை குறையும்."

சிவமலருக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "பேரைத் திருப்பிக் குடுக்கேக்க கள்ளன் எண்ட பட்டத்தையும் சேத்துக் குடுக்கச் சொல்லுறியோ? உன்ர கையால எடுத்துக் குடுத்த பாஸ்போட்டடா அது! சாப்பாட்டு மேசையில வைச்சு, 'கொண்டுபோங்கோ அத்தான், வீணாய்ப் போகுது' எண்டு சொன்னது ஆர்?"

அவன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பெற்றோல் ஸ்டேசன் வேலைக்குப் போய்விட்டான். மூன்று நாள் இரண்டு பேரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். அவள் சமைத்து மூடிவைப்பாள். அவன் சாப்பிட்டுக் கோப்பையைக் கழுவிவைப்பான். பதினாலு நாளில் பாதி கரைந்துவிட்டது. தனியே குரொய்டன்வரை போய் ஹோம் ஒபிஸ் வாசலில் நிற்பதென்று அவள் ஒருதரம் தீர்மானித்தாள். தான் வாய் திறந்தாலும் மாட்டுவது தம்பிதான் என்று நினைத்து அடங்கினாள். அடங்கினாளே தவிர விடவில்லை. சலவைக்கூடத்தில் வெந்நீராவிக்குள் நின்று விரிப்புகளை மடித்தபடி அதையே போட்டுப் புரட்டினாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கதவு தட்டப்பட்டது.

செபமாலைமுத்துவின் உறவினர் ஒருவர் வழியாகச் செய்தி கோயில் பக்கம் எட்டிவிட்டிருந்தது. அம்பலவாணன் என்ற பெரியவர், சங்கக்காரர், லண்டனில் எந்தத் தமிழர் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாய்ப் போகிறவர், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் நின்றார். இந்த வீட்டாரை அவர் முன்பின் பார்த்ததில்லை. இராஜேந்திரன் கதவைத் திறந்தான்.

"தம்பி, குவைத்தில மோசம்போன இராஜேந்திரன்ர தமக்கை வீடு இதுதானே?"

"ஓ... ஓம்."

"கேள்விப்பட்ட உடன வரோணும் எண்டு நினைச்சனான், பனியால வர ஏலாமல் போச்சு. நீங்கள்?"

தன் சாவுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவரிடம் அவன் என்னதான் சொல்வான்? இராஜேந்திரன் என்று சொல்ல முடியாது. வேறு ஏதாவது ஒரு பெயர் சொல்லியிருக்கலாம், உலகத்தில் பெயருக்கா பஞ்சம்? ஆனால் ஒரு வாரமாக அவன் தலைக்குள் ஒரே ஒரு பெயர்தான் சுற்றிக்கொண்டிருந்தது. வாய் அதையே உளறிவிட்டது.

"நான்... செல்வரத்தினம்."

"ஓ, தங்கச்சியின்ர அவரோ?"

அவன் இல்லை என்று சொல்லவில்லை.

"நல்லதாய்ப் போச்சு. கூடப்பிறந்தவன் போனாலும், புருசன் நீங்கள் பக்கத்தில இருக்கிறியள். அது பெரிய ஆறுதல்."

சிவமலர் குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

அந்தப் பெயர் அந்த வீட்டுக்குள் சத்தமாகக் கேட்டது அதுதான் முதல்தடவை. அவர் செத்து, பிணவறைக் குளிரில் இராஜேந்திரனாய்க் கிடக்கிறார். அவருடைய பெயரையோ, தம்பி எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான். உயிரோடிருக்கையில் அவருக்குப் பெயர் இல்லாமல் போயிற்று. செத்தபிறகோ அந்தப் பெயருக்கு வேறு ஆள் வந்துவிட்டது. கூடப்பிறந்தவனைப் புருசன் என்று ஒருவர் சொல்ல, அதை அவன் மறுக்காமல் நிற்கிறான். அவளுக்கு உடம்பு கூசியது. பதின்மூன்று வருடமாய் அவள் பல்லுக்குள் வைத்துக் காத்த பெயர் அது. அதை இப்படி யாரும் எடுத்துப் போடவா காத்தாள்?

அவள் முன்னால் வந்தாள். இராஜேந்திரன் அவள் முகத்தைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனான்.

"ஐயா, இவன் என்ர தம்பி இராஜேந்திரன். இவன் சாகயில்லை." மூச்சை இழுத்துக்கொண்டாள். "செத்தது செல்வரத்தினம். முத்தையா செல்வரத்தினம். என்ர புருசன்."

சொல்லிவிட்டாள். ஒன்றும் இடிந்து விழவில்லை. பெயர் முழுசாக, தடக்காமல், யாரோ தினமும் சொல்லிப் பழக்கியதுபோல வெளியே வந்தது.

அம்பலவாணன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்கும் ஒரு மருமகன் இப்படித்தான் யாருடையதோ பெயரில் ஜெர்மனியில் இருந்தான். அதிகம் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் செல்வரத்தினத்துக்குத்தான் வந்திருக்கிறன், தங்கச்சி. சொல்லுங்கோ, அவர் எப்பிடி ஆள்?"

அவள் சொன்னாள். பஸ்ஸில் சில்லறை இல்லாத பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதை, கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் எழும்பி வந்து குசினியில் பானையைத் திறந்து பார்ப்பதை, குளிர் ஒத்துவராததை. ஒவ்வொரு வசனத்திலும் பெயரைச் சொன்னாள். செல்வரத்தினம் இப்படிச் செய்வார், செல்வரத்தினத்துக்கு அது பிடிக்காது. பூட்டி வைத்ததையெல்லாம் ஒரே நாளில் சொல்லித் தீர்ப்பவள் மாதிரி. அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் இந்தத் தடவை சேலைத் தலைப்பை வாயில் அடைக்கவில்லை. இந்த விஷயம் என்னோடு இருக்கும் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனார் அம்பலவாணன். இரண்டு நாள் காப்பாற்றினார்.

அவர் போனபின் இராஜேந்திரன் படிக்கட்டில் இருந்தான். முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தான்.

"அக்கா, அந்தாள் புருசன் எண்டு சொல்ல நான் பேசாமல் நிண்டனான்."

"ஓம். நிண்டனீ."

"அத்தான்ர முகம் கண்ணுக்கு முன்னால வந்துது. நான்... எனக்கு என்ர பேரே இல்லாமல் போச்சு." முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்தான். "திங்கட்கிழமை ஷிப்டை மாத்திப்போட்டு வாறன். அந்தச் சொலிசிட்டரிட்டைப் போவம். களவு, கிளவு ஒண்டும் இல்லை. நான்தான் குடுத்தனான் எண்டே சொல்லுறன்."

"யோசிச்சுச் சொல்லு. அனுப்பினாலும் அனுப்புவாங்கள்."

"அனுப்பட்டும். என்ர பேரிலதானே அனுப்புவாங்கள்."

திங்கட்கிழமை இரண்டு பேரும் போனார்கள். வேதவல்லி ஆங்கிலத்தில் எழுதித் தமிழில் வாசித்துக் காட்டினாள். சத்தியம் செய்ய வேறொரு சொலிசிட்டரிடம் தெருவைக் கடந்து போகவேண்டும். அது அந்நாட்டு முறை. அங்கே வயதான வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். இராஜேந்திரன் பெயர், பிறந்த திகதி எல்லாம் சொல்லி, இது என் பெயர், இது என் கையெழுத்து, என் பாஸ்போட்டை நானே மனமறிந்து கொடுத்தேன் என்று சத்தியம் செய்தான். அடுத்தது சிவமலர். இறந்தவர் யார் என்று வெள்ளைக்காரர் கேட்டார். வேதவல்லி வாயெடுக்குமுன் சிவமலரே சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகும் எல்லாம் வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போகவில்லை. கம்பனி முதலில் முடியாது என்றது. வேதவல்லி மூன்று கடிதம் போட்டாள். செபமாலைமுத்து கலியாணப் படத்தின் பிரதியைப் பார்த்து, இவர்தான், இடது புருவத்து வெட்டுக்காயம்கூடச் சரி என்று அங்கே ஒப்பமிட்டுக் கொடுத்தார். அந்த வாரமே பூசையில் சரியான பெயரைச் சொல்லிச் செபித்ததாகவும் எழுதினார். பதினாலு நாள் முப்பத்தாறு நாளாயிற்று. சிவமலர் தினமும் வேலை முடிந்து, வீடு வந்து சேருமுன்பே தெருமுனைத் தொலைபேசிப் பெட்டியிலிருந்து வேதவல்லிக்கு அடித்தாள். வேதவல்லி, "நாளைக்குப் பண்ணாதீங்கம்மா, ஏதாவது வந்தா நானே கூப்பிடறேன்," என்று நாலு தடவை சொன்னாள். அடுத்த நாளும் சிவமலர் அடித்தாள்.

கடைசியில் மரணப் பத்திரம் திருத்தப்பட்டு வந்தது. எரிப்பதற்கான அனுமதியும் ஹோம் ஒபிஸிலிருந்து வந்தது. அதே கிழமை அதே கந்தோரிலிருந்து இராஜேந்திரனுக்கும் ஒரு கடிதம்: முன்பு சொன்னதற்கு விளக்கம் கேட்டு, இன்னொரு விசாரணைக்கு வரும்படி. அவன் அதை வாசித்துவிட்டு அரிசி வாளிக்கு மேல் வைத்தான். பக்கத்தில் அந்தப் பழைய படிவம், கையெழுத்தில்லாமல் கிடந்தது. அதை எடுத்துக் கிழித்துக் குப்பையில் போட்டான்.

பெப்ரவரி மாதக் கடைசி. மனோர் பார்க் சுடலை மண்டபத்துக்குப் பெட்டி வந்து இறங்கியது. பனி கரைந்து, நல்ல வெயில், ஆனால் குளிர் எலும்பைத் தொட்டது. அம்பலவாணனின் இரண்டு நாள் வாக்குறுதியின் பலனாக நாற்பது பேருக்குமேல் கூடியிருந்தார்கள். இராஜேந்திரன் வெள்ளை வேட்டியோடு, கொள்ளி வைக்க நின்றான். அத்தானுக்குப் பிள்ளையில்லை, மச்சான்தான் செய்யவேண்டும். சிவமலர் மண்ணிறக் கோட்டை மடித்துப் பெட்டிக்கு மேல் வைத்தாள்.

கறுப்புக் கோட் போட்ட வெள்ளைக்கார அலுவலர் ஒருவர் கையில் தாளோடு வந்தார். விமானக்காரர்கள் பெட்டியோடு அனுப்பிய தாள். அதை மட்டும் யாரும் திருத்தவில்லை.

"மிஸ்டர் இராஜேந்திரன்?" என்று மரியாதையாகக் கேட்டு, பெட்டியைக் காட்டினார்.

"நோ," என்றாள் சிவமலர். தம்பியைக் கையால் காட்டினாள். "இராஜேந்திரன் அந்தா நிக்கிறான்." பிறகு பெட்டியின்மேல் கையை வைத்து, அவருக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னாள். "இது செல்வரத்தினம். மை ஹஸ்பண்ட். செல்வரத்தினம்."

அலுவலர் மன்னிப்புக் கேட்டார். பேனாவை எடுத்துத் தாளில் இருந்த பெயரை வெட்டி, மரணப் பத்திரத்தைப் பார்த்துச் சரியானதை எழுதினார். எழுதினால் போதும் என்று நினைத்துப் பெட்டியை உள்ளே தள்ளச் சைகை காட்டினார்.

"சொல்லுங்கோ," என்றாள் அவள்.

அவர் முயன்றார். பாதியில் நாக்குப் பிசகியது. அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பச் சொல்லிக் காட்டினாள். இரண்டாம் தடவையும் பிசகியது. பின்னால் நின்றவர்களில் யாரோ, போதும் பிள்ளை, நேரம் போகுது என்றார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவசரப்பட என்ன இருக்கிறது? மூன்று வருடம் பொறுத்தவர் இன்னும் ஒரு நிமிடம் பொறுப்பார்.

மூன்றாம் தடவை அந்த வெள்ளைக்காரர் சரியாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் சிவமலர் பெட்டியிலிருந்து கையை எடுத்தாள்.